குதிரை இருந்தால்தான் இடம்

“குதிரை இருக்காம்மா உங்ககிட்ட?” என்று தொலைபேசியில் கேட்டார் ஆரின். அவர்தான் குதிரைக்காரர் முகாமின் காவலர்.

எதிரே உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள் லோர்னா. வெண்டலை எந்தக் கணக்கிலும் குதிரையில் சேர்க்க முடியாது.

“குதிரை இல்லாம வரக் கூடாதா சார்?”

“கூடாது. இங்க ராத்திரி தங்கணும்னா குதிரையோட வரணும். இல்லாதவங்களுக்குத்தான் ஏரிப் பக்கம் குடும்ப முகாம் இருக்கே.”

“அது ஜனவரியிலேயே நிரம்பிடுச்சாமே சார்.”

“பின்னே, ஜூன் கடைசியில கூப்பிட்டா காத்துக்கிட்டா இருக்கும்?”

மினியாபொலிஸைச் சுற்றி ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த அத்தனை முகாம்களுக்கும் லோர்னா பேசிப் பார்த்துவிட்டாள். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விடுமுறைக்கு எங்கேயும் கூடாரம் போட ஒரு முழம் இடமில்லை. இந்த வருடம் குடும்பத்தார் எல்லோரும் ஒன்றுகூட இடம் பிடிப்பது அவள் பொறுப்பு. மறந்து தொலைத்துவிட்டாள். இது மட்டும் அக்கா ஜெனீனுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். ஏழு வயதில் லோர்னா பள்ளிக்கூடப் பேருந்தைத் தவறவிட்டதையே இன்னும் விருந்துக்கு விருந்து சொல்லிக் காட்டுகிறவள் அவள்.

“இருக்கு சார். குதிரை இருக்கு.”

வெண்டலின் கையிலிருந்து வெண்ணெய்க் கத்தி விழுந்தது.

“அப்ப பதினேழாம் இடம் உங்களுக்கு. ஆனா ஒண்ணு, வந்ததும் குதிரைய நான் நேர்ல பாப்பேன்” என்று சொல்லி ஆரின் வைத்துவிட்டார்.

“நமக்கு ஏது லோர்னா குதிரை? பக்கத்து வீட்டு நாய்க்குச் சேணம் கட்டிக் கூட்டிட்டுப் போகலாமா?”

“உனக்கென்ன, கிண்டல் பண்ணுவ. எங்கக்கா கிழிக்கப்போறது என்னையத்தானே?”

தேடினால் கிடைக்காததா? முகாமுக்குப் போகிற வழியில் ஒரு தீவனக் கடை. ‘சாதுவான குதிரை வாடகைக்கு’ என்று அதன் கதவில் அட்டை தொங்கியது. விடுமுறையன்று காலையில் கடைக்காரி வெர்னா, குதிரையை ஏற்றிய இழுவண்டியை வெண்டலின் பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டிவிட்டாள். கால்நடை மருத்துவரின் சான்றிதழும் கொடுத்தாள்.

“பேரு பெப்பர். பச்சப்புள்ள மாதிரி. யார் கேட்டாலும் உங்க சொந்தக் குதிரைன்னே சொல்லுங்க. வாடகைக் குதிரைக்கு அங்க இடம் கிடையாது” என்று சொல்லி அனுப்பினாள்.

முகாமில் இறங்கியதும் லோர்னா பெப்பரைச் சாப்பாட்டு மேசையின் காலில் கட்டினாள். பெப்பர் மேசையையும் இழுத்துக்கொண்டு புல் மேயக் கிளம்பிவிட்டது. மேசையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெண்டல் கூடவே ஓடினான். அந்த நேரம் பார்த்துத்தானா ஆரின் வந்து நிற்க வேண்டும்? அகலத் தொப்பி, வெள்ளை மீசை, சிரிப்பில்லாத முகம்.

“குதிரைய மேசையிலயா கட்டுவாங்க?”

“எங்க வீட்டுப் பழக்கம் அப்படித்தான் சார்” என்றான் வெண்டல், மூச்சு வாங்க.

“அப்ப ரெண்டு மரத்துக்கு நடுவுல உயரமா கயிறு கட்டி வச்சிருக்கே, அது எதுக்காம்?”

அந்தக் கயிற்றில் காயப்போட்டிருந்த துண்டுகளை லோர்னா அவசரமாக உருவினாள்.

“எத்தனை வருஷமா வளக்கறீங்க?”

“பொறந்ததுலேர்ந்து எங்ககிட்டதான் சார். ஒம்பது வருஷம்” என்று அடித்துவிட்டாள்.

ஆரின் பெப்பரின் வாயைத் திறந்து பார்த்தார். “பல்லு இருபதுக்கு மேலங்குதே.”

“ரொம்பக் கஷ்டப்பட்ட குதிரை சார்” என்றான் வெண்டல்.

அப்போது வாசலில் ஒரு நீல வேன் திரும்பியது. ஜெனீனின் வேன்.

“சார், இனிமே பொய் சொல்ல எனக்குத் தெம்பில்ல. இது எங்க குதிரை இல்ல. வாடகைக்கு எடுத்துட்டு வந்தோம். தப்புதான். ஆனா அதோ வர்றாளே, அவ எங்கக்கா. அவ முன்னாடி மட்டும் எங்களத் துரத்திடாதீங்க. ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவா சார்.”

அதற்குள் ஜெனீன் இறங்கி வந்துவிட்டாள்.

“என்ன லோர்னா, இடம் பிடிச்சியா, இல்ல வழக்கம்போல சொதப்பிட்டியா? இந்தப் பெரியவர் என்ன, நம்மளக் கிளப்பிவிட வந்திருக்காரா?”

லோர்னா கண்களை மூடிக்கொண்டாள்.

“கிளப்பறதாவது” என்று ஆரின் தொப்பியைக் கழற்றினார். “உங்க தங்கச்சி மாதிரி குதிரை வளக்கறவங்க வந்தா இந்த முகாமுக்கே பெருமை. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

ஜெனீன் பெப்பரைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட்டைத் தூக்கிக்கொண்டு பேசாமல் மேசைப் பக்கம் போய்விட்டாள். இப்படி ஒரு காட்சியை லோர்னா பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

“எனக்காக எதுக்கு சார் இவ்ளோ பெரிய பொய்?” என்றாள். சந்தோஷத்தில் வேறென்ன செய்வதென்று தெரியாமல் கூடையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்துப் பெப்பரின் வாயருகே நீட்டினாள்.

ஆரின் சட்டென்று அவள் கையைத் தடுத்தார்.

“கேரட் குடுக்காதீங்கம்மா, இவனுக்கு வயித்தால போகும். குதிரைய வாடகைக்கு விடறப்பவே இதச் சொல்லி அனுப்புன்னு என் பெண்டாட்டி வெர்னாகிட்ட எத்தனை தடவதான் சொல்றது?”