தரையிலிருந்து ஒரு சாண்

"பாருங்க, மறுபடியும் குதிக்குது!" என்றார் ஆஸ்பத்திரி நிர்வாகி.

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் அம்மா திரைப்பக்கம் குனிந்தாள். படம் அவள் போட்டுக் கொடுத்தது. மூன்றாவது மாடி முழுக்கத் திரையில் ஒரு கண்ணாடிப் பெட்டி மாதிரி நிற்கும். ஊழியர் கழுத்தில் தொங்கும் நம்பர் போட்ட டேக் ஒவ்வொன்றும் அதற்குள் ஒரு புள்ளி. ஆள் நடந்தால் புள்ளி நடக்கும்.

பத்து நாளாக, மத்தியானம் இரண்டு மணியானால் படம் ஒரு குதி குதித்து, புள்ளிகளெல்லாம் மேலே போய் ஒட்டிக்கொள்கின்றன.

"அது மெஷின் கோளாறும்மா. அந்த நேரத்தை மட்டும் தூக்கிடுங்களேன்" என்று தலைமை நர்ஸ் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இதில் நர்ஸுக்கு என்ன அக்கறை?

கம்ப்யூட்டர் அம்மா படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். எல்லாப் புள்ளியும் நெஞ்சு உயரத்தில். ஒன்று மட்டும் துணி அறைக்குள் போய், விறுவிறுவென்று இறங்கி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. அதையும் காட்ட வேண்டி, பெட்டி தானாகவே கீழே நீண்டது; மற்ற புள்ளிகள் மேலே ஒதுங்கின. அதுதான் குதி.

"ஒரு சாண் உயரத்துல யாரு நிப்பா?"

"நிக்கல சார். படுத்திருக்காங்க."

"டேக் கழண்டு விழுந்திருந்தா?"

"விழுந்தது புரளாது சார். இது புரளுது."

"எத்தனாம் நம்பர்?"

"ஒண்ணு."

தலைமை நர்ஸ்! நாற்காலியில் கண்ணசந்த ஆயாவுக்கே மெமோ கொடுத்தவள்.

"ஊருக்கெல்லாம் சட்டம், இவங்களுக்குத் துணி மூட்டை மெத்தையா?" நிர்வாகிக்கு முகம் சிவந்தது. "ரிட்டயராக ஆறு மாசம் இருக்கு. இன்னிக்கே சஸ்பெண்ட். அந்தப் பதினேழைப் பாருங்க, துப்புரவுப் பொண்ணு. வயித்துல ஆபரேஷன் ஆகி மூணு வாரம்தான். லீவு கேட்டுது, முடியாதுன்னுட்டேன். இப்ப எப்படிச் சுழலுது பாருங்க!"

ஆர்டர் டைப் பண்ணச் சொல்ல அவர் எழுந்து போனார்.

'நல்லா வேணும்' என்று நினைத்துக்கொண்டாள் கம்ப்யூட்டர் அம்மா. திரையில் பதினேழாம் புள்ளி ஒவ்வொரு அறையாக நுழைந்து வெளியே வந்தது. வராண்டாவில் திரும்பியது. இவள் அறை வாசலுக்கே வந்து நின்றது.

நிமிர்ந்து பார்த்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வெள்ளை உடுப்பின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தலைமை நர்ஸ் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் பதினேழாம் நம்பர் டேக்.

நிர்வாகி கையில் காகிதத்தோடு திரும்பி வந்தார். "எல்லாம் ரெடி. அந்தப் படத்தை பிரிண்ட் போடுங்க."

"மன்னிக்கணும் சார். கோளாறு என்னோடதுதான். பெட்டியோட அடிமட்டத்தை நிலையா வைக்காம விட்டுட்டேன். ஒண்ணாம் நம்பர் கீழ இறங்கின மாதிரி தெரிஞ்சது அதனாலதான். தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு ஏத்தி வெச்சாச்சு. இனி குதிக்காது."

ஒரு மீட்டருக்குக் கீழே இருந்த ஒன்றாம் புள்ளி இப்போது திரையில் இல்லை. மற்றவையெல்லாம் சமர்த்தாக நகர்ந்தன.

"பத்து நாளா என் உயிரை வாங்கினது உங்க அஜாக்கிரதையா? அப்ப யாரும் படுக்கவே இல்லையா?"

"எங்க சார்? நீங்கதான் யாரையும் படுக்க விடறதில்லையே!"