பதினான்காம் நாள் ஆட்டம்

ஆஸ்பத்திரியில் கருவைக் கருப்பைக்குள் வைத்த பிறகு, அது தங்கியதா என்று தெரியப் பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும். வடிவுக்கு இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் படுத்தே கிடந்து, நாளை எண்ணி அழுதிருந்தாள். இந்த முறை, பரணில் கிடந்த கேரம் போர்டை இறக்கச் சொன்னாள். கல்லூரியில் அவள்தான் சாம்பியன். கணவன் இசக்கி பதிமூன்று நாளும் தோற்றான். “பாவம் பாத்து விட்டுக்குடுக்காதீங்க, ஒழுங்கா ஆடுங்க” என்று ஒருநாள் சண்டைகூடப் போட்டாள்.

பதினான்காம் நாள் காலை சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்து ஆட உட்கார்ந்தார்கள். சிவப்புக் காய் குழியோரம் நிற்கும்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரி எண்.

“எடு வடிவு” என்றான் இசக்கி.

“இருங்க. இதப் போட்டுக்கிடுதேன்.”

நிதானமாகக் குறிபார்த்துச் சுண்டினாள். காய் விழுந்தது. அதன்பிறகே போனை எடுத்தாள். கேட்டாள். அவனிடம் நீட்டினாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்க சிஸ்டர்” என்று அவன் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் நர்ஸ் பாசிட்டிவ் என்றே சொன்னாள். இசக்கி பலகைமேல் கவிழ்ந்து குலுங்கி அழுதான். காய்கள் நாலாபக்கமும் சிதறின.

அவன் முடியில் ஒட்டிய பவுடரை வடிவு தட்டிவிட்டாள்.

“கலைச்சது நீங்க. ஆட்டம் எனக்குத்தான்.”