பழைய மீட்பு சிடி

மறுபடியும் அதே வரி.

கறுப்புத் திரையின் மேல் ஓரத்தில் ஏதோ பதிப்பு எண். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. சிடி சுழலும் சத்தமும் நின்றுவிட்டது.

அவன் லேப்டாப்பை அணைத்தான். கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி மணியைப் பார்க்கவில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு அவள் பேச்சு குழறியது. வலது கைக்குப் பேனா பிடிக்க வராது. போனின் எழுத்துகள் அவளுடைய இடது சுட்டுவிரலுக்குச் சிறியவை. லேப்டாப்பில்தான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவாள். அது வாசித்துச் சொல்லும். எட்டு மாதமாக அவள் பேசுவது அப்படித்தான்.

முந்தாநாள், இந்த வாரம் நடக்கவிருக்கும் அவள் தங்கை மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

"சபையில வந்து இதையத் தட்டிட்டு உக்காந்திருப்பியாக்கும்?"

கேட்டுவிட்டான்.

அவள் பதிலைத் தட்டத் தொடங்கினாள். நான்கு எழுத்துகூட ஆகியிருக்காது. கரண்ட் போனது. பேட்டரி எப்போதோ செத்திருந்தது. திரை இருண்டது. கரண்ட் வந்த பிறகும் லேப்டாப் எழவில்லை.

முதலில் அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அதை ஒப்புக்கொள்ள ஒரு பகல் பிடித்தது.

சிடி, பாலிடெக்னிக் லேபில் வேலை பார்த்தபோது அவனே தயாரித்தது. படுத்துவிட்ட எத்தனையோ கணினிகளை எழுப்பியது. அதன் மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. லேப்டாப்பைக் கழற்றினான். மெமரி சிப்பைத் துடைத்துத் திரும்ப மாட்டினான். ஹார்ட் டிஸ்க் போய்விட்டதென்று முடிவுகட்டி அவளிடம் சொல்லியும்விட்டான்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்று மத்தியானம் மாடிவீட்டுக் கணினியில் தேடியபோதுதான் தெரிந்தது. சிடியில் முதலில் ஓடி மற்றவற்றை எழுப்பும் சின்ன நிரல், பூட்லோடர், மிகப் பழையது. சில லேப்டாப்புகளில் அந்த ஒரு வரியோடு நின்றுபோகும்.

சிடியில் இருந்ததையெல்லாம் பிரதி எடுத்தான். அந்த ஒரு கோப்பை மட்டும் மாற்றினான். வேறு சிடியில் எழுதிக்கொண்டு இறங்கி வந்தான்.

வரி வந்தது.

அதன் கீழே இன்னொரு வரி. பிறகு பட்டியல்.

ஹார்ட் டிஸ்க் நன்றாகவே இருந்தது. அதன் தொடக்கப் பகுதி மட்டும் சிதைந்திருந்தது. சரிசெய்தான். சிடியை வெளியே எடுத்தான். லேப்டாப் தானாகவே எழுந்தது.

"உன்ற மிஷின்ல ஒண்ணுமில்ல, மணி. கோளாறெல்லாம் என்ற சிடிலதான்."

அவள் தொண்டையில் ஒரு சத்தம். அது சிரிப்பு என்று அவனுக்குத் தெரியும்.

லேப்டாப்பை அவள் மடிப்பலகையில் வைத்தான். எழுந்து போய்விடலாம் போலிருந்தது. கட்டிலோரமாக உட்கார்ந்தான்.

அவள் தட்டினாள். அவன் திரையைப் பார்க்கவில்லை. விரலின் சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னலில் வெயில் நகர்ந்தது. அவள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.

நிறுத்தினாள்.

பிறகு ஒரே விசையின் சத்தம், திரும்பத் திரும்ப. அழித்துக்கொண்டிருந்தாள். அழிக்கவும் நெடுநேரம் ஆனது.

மறுபடி கொஞ்சம் தட்டினாள்.

ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரல், அவள் ஊர்ப் பேச்சில் தடுக்கித் தடுக்கிச் சொன்னது:

"நாளைக்கு. எத்தன. மணிக்குங்க. பஸ்ஸு."

"ஆறரைக்கு."

எழுந்தான். பரணிலிருந்து பையை இறக்கினான். அவளுடைய பட்டுப்புடவையை வைத்தான். மாத்திரை டப்பாவை வைத்தான். சார்ஜரைச் சுருட்டி வைத்தான்.

ஜிப்பை இழுத்தவன், பாதியில் நின்றான்.

அலமாரிக்குப் போய், உள்ளதில் பெரிய ஸ்பீக்கரை எடுத்துவந்தான்.