தலையும் காலும்

தையல்காரர் மாசிலாமணியின் பொத்தான் டப்பாவில் ஒரு வெள்ளி ரூபாயும் ஒரு ஓட்டைக் காலணாவும் கிடந்தன. ரூபாயில் ராஜா தலை இருந்தது. அதனால் தலைக்கனமும் இருந்தது.

"பூவா தலையான்னு என்னைச் சுண்டினா, ராஜா தலை விழும். உன்கிட்ட என்னடா இருக்கு?"

"ஓட்டை இருக்குங்க, மகாராஜா. யுத்தத்துல செம்புக்குத் தட்டுப்பாடுன்னு உங்க ஆளுங்கதான் வயித்தைத் தோண்டி எடுத்துட்டாங்க," என்றது காலணா.

"நான் முழு ரூபாய். நீ வெறும் கால்! வாயை மூடு."

காலணாவுக்கு இருந்ததே அந்த ஓட்டைதான். அதை எப்படி மூடுவது?

வெள்ளைக்காரன் கப்பலேறினான். பத்து வருஷத்தில் சிங்கம் போட்ட நயா பைசா வந்தது. டப்பாவில் கிடந்த இரண்டும் செல்லாக்காசாயின. மாசிலாமணி, ஆட்டம் கண்டிருந்த தையல் மிஷினின் மிதிபலகையில் காலணாவை வாஷராகப் போட்டு முடுக்கினார். ரூபாயைத் தட்டானிடம் கொடுத்து உருக்கி, மனைவிக்கு மெட்டி செய்து போட்டார்.

மறுநாள் அவள் மிஷினில் உட்கார்ந்து மிதித்தாள். மேலே பழகின குரல் ஒன்று முனகியது. காலணா அண்ணாந்து பார்த்தது.

"மகாராஜா, நீங்களா! இப்போ பூவா, தலையா?"

மெட்டி நாலு தடவை மிதிபலகையில் இடிபட்டது. பிறகு மெல்லச் சொன்னது:

"கால்."