கோட்டைக்குள் ஏழு முட்டை

"ஐயோ, பூனையைப் பிடி! பூனையைப் பிடி!"

க்ளைவ் போட்ட கூச்சலில், ரொட்டிக்கு வெஜிமைட் தடவிக்கொண்டிருந்த ரோவீனாவின் கையிலிருந்து கத்தி நழுவியது. ஓடிவந்து பார்த்தாள். அந்த வீட்டில் பூனையே கிடையாது. ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகர வெக்கையில் மின்விசிறியைக்கூடப் போடாமல், கம்ப்யூட்டர் முன்னால் அவள் கணவன் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

"காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா? எட்டரைக்கு நீ வேலைக்குக் கிளம்பணும்."

"இரு ரோ! ஏழே ஏழு முட்டைதான் மிச்சம். இதுவும் போச்சுன்னா விளக்குப்பூச்சிங்கிற இனமே என் கோட்டையில இல்லை!"

எட்டு மாதமாக அவன் விளையாட்டில் கட்டிவரும் மலைக்கோட்டை அது. உள்ளே அறுபது குள்ளர்கள். ஒவ்வொரு குள்ளனுக்கும் ஏதாவது ஒரு பூச்சி மேல் உயிர். அது அழிந்தால் வேலையைப் போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்துவிடுவான். தலைமைக் கொல்லனுக்குச் செல்லம், அரிசி அளவே இருக்கும் விளக்குப்பூச்சி. எலித்தொல்லை என்று க்ளைவ் நாலு பூனைகளை உள்ளே விட்டான். அவை எலியை விட்டுவிட்டுப் பூச்சிகளைத் தின்று தீர்த்தன. கொல்லன் மூன்று நாளாக எழுந்திருக்கவில்லை.

"பூனையை விடச் சொல்லி உன்கிட்ட யாரு அழுதா?"

"புத்தி கெட்டுப் போச்சு. கொஞ்சம் சும்மா இரேன்!"

மூன்று பூனைகளை எப்படியோ அறையில் அடைத்துவிட்டான். நாலாவது, முட்டைகள் இருந்த குகைக்கு நேராக நடந்தது.

"கதவைச் சாத்து க்ளைவ், சாத்து!" இப்போது கத்தியது ரோவீனா.

பூனையின் மூக்கு இடிக்க, கதவு மூடியது. முதல் முட்டை பொரிந்தது. ஒவ்வொன்றாக ஏழு பச்சைப் புள்ளிகள் குகைக்குள் மின்னின. கொல்லன் எழுந்து சுத்தியலை எடுத்தான்.

க்ளைவின் கண் கலங்கிவிட்டது. "பிறந்து ஒரு நிமிஷம் ஆகலை, எவ்வளவு அழகு பாரேன்! இதைப் போய்க் கொல்ல எப்படித்தான் மனசு வருதோ!"

அவனுடைய போன் அடித்தது.

"சொல்லுங்க மேடம்... சமையலறை முழுக்கவா? பயப்படாதீங்க, இருபது வருஷமா இதுதான் என் தொழில். மருந்தோட இதோ கிளம்பிட்டேன். சாயங்காலத்துக்குள்ள ஒரு கரப்பான், ஒரு முட்டைகூட உயிரோட இருக்காது!"