சூப்பில் என்ன கலந்தாய்?

“பயறு, மொச்சை, ராஜ்மா எதுவும் இனிமே இந்த வீட்டு வாசப்படி ஏறக்கூடாது. அத்தனையும் விஷம்!”

செல்போனை நீட்டியபடி அடுப்படியில் வந்து நின்றார் கணவர். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கிய மனிதர்.

“எந்தப் புண்ணியவான் சொன்னான்?” என்றாள் மனைவி.

“லெக்டின்னு ஒண்ணு இருக்காம். பூச்சி தின்னாம இருக்க செடி தனக்குத்தானே வச்சுக்கிற விஷம். நம்ம குடலையே அரிச்சிடுமாம். இந்த வீடியோவை லட்சம் பேர் பார்த்திருக்காங்க.”

“லட்சம் பேர் பார்த்தா பொய் உண்மையாயிடுமா? காலங்காலமா ஜனங்க தின்னுட்டுத்தானே இருக்காங்க!”

“வேணாம்னா வேணாம்.”

வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட்டால், அதைச் செய்து பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. அதோடு பயமும் சேர்ந்துகொண்டது. ஏற்கெனவே ஒல்லி உடம்பு. கறி, மீன் எதையும் தொடாத மனுஷன். பயறும் இல்லையென்றால் என்னத்துக்கு ஆவார்? தன் தலைசுற்றலையும் மறந்து மகளுக்குப் போன் போட்டாள். மகள் வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர்.

“அப்பா சொல்றதுல கொஞ்சம் உண்மை இருக்கும்மா. ராஜ்மாவை அரைவேக்காடா தின்னா வாந்தி, வயித்துப்போக்குதான். ஆனா நல்லா ஊற வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, கொதிக்கவிட்டுக் குழைய வேகவச்சா ஒண்ணும் பண்ணாது.”

அவ்வளவுதான், வீட்டில் திருட்டுச் சமையல் ஆரம்பமாகிவிட்டது. அவர் நடைப்பயிற்சிக்குக் கிளம்பியதும் ராஜ்மா குக்கருக்குள் போகும். வெந்ததை மிக்ஸியில் மைய அரைத்து, கேரட் சூப்பில் கலந்துவிடுவாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் அவர் சூப்பை முகர்ந்து பார்ப்பார்.

“நிறம் ஒரு மாதிரியா இருக்கே. என்ன கலந்தே?”

“ஐயோ, ஒண்ணுமில்லைங்க! வெறும் கேரட்டு.”

“அப்ப நீ முதல்ல ஒரு கிண்ணம் குடி. அப்புறம் பார்க்கலாம்.”

மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று அவளும் மடமடவென்று குடித்துக் காட்டுவாள். அதிலும் மனுஷனுக்குத் திருப்தி வராது, “இன்னும் கொஞ்சம்” என்பார். கட்டின பெண்டாட்டியையே இப்படியா சோதிப்பது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அதையும் குடிப்பாள். எப்படியோ அவர் வயிற்றுக்குள்ளும் நாலு ஸ்பூன் போனால் சரி.

சில மாதங்கள் கழித்து இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். அவர் மருந்து வாங்க எழுந்து போன நேரம் பார்த்து, அவள் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“டாக்டர், ஒரு திருட்டுத்தனம் பண்ணிட்டேன். அவருக்குத் தெரியாம தினமும் சூப்புல ராஜ்மாவை அரைச்சுக் கலந்தேன். அவர் உடம்பு தேறியிருக்கா? எனக்கு அது போதும்.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் சிரித்தார். “அவர் உடம்புக்கு என்னம்மா குறை? ரத்தம் குறைஞ்சு மயங்கி விழுந்தது நீங்கதானே! இப்ப உங்களுக்கு நல்லா ஏறியிருக்கு. மருந்தோட பயறு வகை நிறையச் சாப்பிடுங்கன்னு அன்னிக்கு நான் சொன்னதுக்கு, செத்தாலும் தொடமாட்டேன்னு எழுந்து போயிட்டீங்க. உங்க வீட்டுக்காரர்தான் பின்னாடியே திரும்பி வந்து, ‘சாப்பிடுன்னு சொன்னா இவ சாப்பிட மாட்டா டாக்டர், வேணாம்னு சொல்லிப் பார்க்கிறேன்’னாரு.”