எது அனுப்புவது?

மருத்துவமனை ரத்த வங்கியின் சன்னலுக்கு வெளியே மலை வெயிலில் காய்கிறது. உள்ளே, கம்ப்யூட்டர் முன்னால் த்ரிசலாவின் கை மவுஸின் மேல் தயங்கி நிற்கிறது. போன வருடம் பக்கவாதம் வந்து தேறிய பிறகும் எழுத்தைத் தடையில்லாமல் படிக்கிறாள். படங்கள்தான் அதிலிருந்து எதைச் சொல்கின்றன என்று பிடிபடுவதில்லை. நேற்றுவரை திரையிலிருந்த பொத்தான்களில் வார்த்தைகள் இருந்தன. இன்று காலை மாற்றிய புது மென்பொருளில் வெறும் படங்கள். தொலைபேசி மறுபடி அலறுகிறது. “அக்கா, ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து பேசறேன். பிரசவ கேஸு, ரத்தம் ஜாஸ்தியா போவுது. ரெண்டு யூனிட் கேட்டமே, அனுப்பிட்டீங்களா?” “தோ, அனுப்பறேன்” என்கிறாள். திரையில் அழுத்தினால்தான் உள்ளே குளிரறையிலிருந்து ரத்தப் பை கிளம்பும். மின்விசிறிக்குக் கீழேயும் கழுத்தில் வேர்வை வழிகிறது. டப்பா மாதிரி இருப்பதுதான் அனுப்புவதாக இருக்கும் என்று அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோகிறாள். விரல் அழுந்தப்போகிறது. அதுவரை யாரிடமும் சொல்லாததை வாய் சொல்லிவிடுகிறது: “கீதா, இதுல எது அனுப்பறது? எனக்குப் படம் புரியல.” பக்கத்து மேசை கீதாஞ்சலி எழுந்து வருகிறாள். “பேரையும் காட்டச் சொல்லலாங்க்கா” என்று செட்டிங்ஸில் எதையோ தட்டுகிறாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுத்துகள் வந்து நிற்கின்றன. டப்பாவின் கீழே ‘ரத்து செய்’ என்று இருக்கிறது. த்ரிசலா பக்கத்திலிருக்கும் ‘அனுப்பு’வை அழுத்துகிறாள். அனுப்பியாயிற்று என்று திரை சொல்கிறது. அதை முணுமுணுத்துப் படிக்கிறாள், மறுபடியும் படிக்கிறாள். மவுஸை விட்டுக் கை வர மாட்டேன் என்கிறது.